நேர்மை தொங்கிய கருவேலமரம்

பயிற்சி மையத்திலிருந்து போன மாதம் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ‘நம் வாரியத்தின் கொள்கைகளும் விழுமியங்களும்’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம். போனேன். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை என்று ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துக்கொண்டதில் என் முறை வரும்போது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பொன்னாடை போட்டு, படம் எடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள். நீங்களும் பசியில் இருந்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குப் பேச நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு சௌகரியம், நடுவில் யாரும் பொன்னாடை போட வரமாட்டார்கள்.

உங்கள் கையில் ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார்களே, அதில் ஐந்து விழுமியங்கள் இருக்கும். நேர்மை, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, மக்கள் பங்கேற்பு, அறிவியல் நோக்கு. அவற்றைக் கண்டுபிடிக்கச் சென்னையில் குளிர்சாதன ஓட்டலில் கூடி, சுவரெல்லாம் வண்ணக் காகிதம் ஒட்டி ஆராய்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஏரிகளைக் காக்கத்தான் நம் வாரியம், ஆனால் ஏரி என்ற சொல்லை அங்கே ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. பறவை என்ற சொல் ஒரே ஒருமுறை வந்தது, அதுவும் மதியச் சாப்பாட்டில் காடை உண்டா என்று ஒருவர் விசாரித்தபோது.

நான் அப்போது உத்திரமேரூரில் கள அலுவலர். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி. உத்திரமேரூர் என்றாலே நம்மவர்களுக்குக் கல்வெட்டு ஞாபகம் வந்துவிடும். வாரியம் என்ற சொல்லே இந்த ஊர்க் கல்லில் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒன்று இருந்தது என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணக்குக் காட்டாதவனை வாரியத்துக்குள் விடாதே, அவன் சொந்தக்காரனையும் விடாதே என்று அதே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அந்த இடம் வரும்போது மட்டும் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும். அவர்கள் கொள்கையைக் கல்லில் வெட்டினார்கள். நாம் தகட்டில் அச்சடித்தோம்.

அந்தத் தகடுகள் பொங்கல் கழிந்த கையோடு ஒரு மினி லாரியில் வந்து இறங்கின. ஒரு தகட்டுக்கு ஒரு விழுமியம், மேலே ‘நம் விழுமியங்கள்’ என்று தலைப்பு, மூலையில் வாரியத் தலைவரின் சிரித்த முகம். சுற்றுவட்டாரத்து எல்லா ஏரிகளுக்கும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் பாதி ஏரிகளில் தண்ணீர் இல்லை, மீதியில் சிலவற்றில் ஏரியே இல்லை, மனைப்பிரிவு ஆகிவிட்டது. அலுவலகத்தில் இடம் போதாமல், ஒரு ஏரிக்கரையில் நமக்கு இருந்த காவல் கொட்டகையில் தகடுகளை அடுக்கச் சொன்னேன். கூடவே ஒரு சுற்றறிக்கை. விழுமிய வாரம் கொண்டாடப்படும், தகடுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது, சேதமானால் சம்பந்தப்பட்ட அலுவலரே பொறுப்பு. இந்த ‘எக்காரணம் கொண்டும்’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக் காவலர் ஏழுமலை தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகத் தற்காலிகமாகவே வேலை பார்க்கும் மனிதர். மழைக்காலம் வந்தால் வீட்டில் இருப்பதைவிட ஏரிக்கரையில் இருப்பதுதான் அதிகம்.

“மேடம், விழும்னு போட்டுகீதே, இன்னா விழும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுமியம் என்றால் உயர்ந்த குணம் என்று விளக்கினேன். அதுக்கு இன்னாத்துக்கு மேடம் தகடு என்றார். வாரியம் முழுக்கத் தேடினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த ஏரியைச் சொல்கிறேன். பெருநகர் என்ற ஊருக்குப் பஸ் போகிற வழியில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் ‘இயற்கை எழில் கொஞ்சும் மனைகள்’ என்று அடுத்த வாரமே அங்கே விளம்பரம் முளைக்கும். கரையை ஒட்டித் தண்ணீருக்குள்ளேயே நாட்டுக் கருவேலமரங்கள் நிற்கும். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் அவற்றில் கூடு கட்டி, தை மாசியில் கிளைக்குக் கிளை குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சத்தமும் நாற்றமும் தூரத்திலேயே வந்துவிடும். மதகுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் அந்த நாற்றத்தைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்கள். எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் தானாகத் தூக்கிக்கொண்டு வரும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதற்காகவே அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, தகடும் மாட்டவில்லை.

தகடு வந்த அதே வாரம் ஓர் ஆணையும் வந்தது. நீர்நிலைகளைக் கெடுக்கும் அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். அகற்ற வேண்டியது சீமைக் கருவேலம். சில ஊர்களில் அதையே பேச்சு வழக்கில் வெறும் கருவேலம் என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. சீமைக் கருவேலத்துக்கு எங்கள் பெயர் வேலிகாத்தான். கருவேலம் என்றால் நாட்டு மரம், ஏருக்கும் வண்டிக்கும் ஆகிற மரம், நாரை குடியிருக்கிற மரம். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவசரத்தில் ‘சீமை’யை விட்டுவிட்டு ‘ஏரியிலுள்ள கருவேலமரங்களை அடியோடு அகற்றும் பணி’ என்று தட்டச்சு செய்ய, அவருக்கு மேலே இருந்த அத்தனை பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அறிவியல் நோக்கு என்று தகடு அடித்தவர்களுக்கு எந்த மரம் எது என்று தெரியவில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது நம்மைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஆணையின் நகல் என் கைக்கு வருவதற்குள் கான்ட்ராக்டர் ஏரிக்கு வந்துவிட்டார். காலையில் ஏழுமலை போன் செய்தபோது அவர் பேச்சே எனக்குப் புரியவில்லை. பின்னால் மரம் அறுக்கும் மிஷினின் சத்தம் மட்டும் புரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒரு மரம் விழுந்து கிடந்தது.

நான் நிறையப் பார்த்தவள், சட்டென்று கலங்குகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. கூடுகள் சுள்ளி சுள்ளியாகத் தண்ணீரில் மிதந்தன. இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்து துடித்தன. ஏழுமலை தோளில் கிடந்த துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தாய்ப் பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஏதோ அதிசயம் நடக்கும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அழுதேன். ஓர் அதிகாரி அழக் கூடாதென்று உங்கள் கையேட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். கான்ட்ராக்டர் மரியாதையான மனிதர், கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். உள்ளூர்க்காரர், கருவேலத்துக்கும் வேலிகாத்தானுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. வேலிகாத்தான் அடுப்புக்குத்தான் போகும், கருவேல மரத்துக்கு நல்ல விலை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். ஆணையை எடுத்து நீட்டினார்.

“பேப்பர்ல இன்னா கீதோ அத்தத்தான் மேடம் நான் வெட்டிக்கினு கீறேன். தப்புன்னா உங்காளுங்களண்ட கேளுங்க.”

அவர் சொன்னதில் தவறே இல்லை, அதுதான் எரிச்சல். என் மேலதிகாரியை அழைத்தேன். அவர் சாதாரண அழைப்பை எடுக்கமாட்டார். துண்டித்துவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார், அதில் பேசினால் பதிவாகாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெளிப்படைத்தன்மை பற்றி அந்த ஓட்டலில் அதிக நேரம் பேசியவரும் அவர்தான். நான் நடந்ததைச் சொல்லி, சீமை என்ற சொல்லைச் சேர்த்து ஒரு வரித் திருத்தம் அனுப்புங்கள், அதுவரை வேலையை நிறுத்தி வைக்கிறேன் என்றேன்.

“திருத்தம் போட்டா தப்பு நடந்திருக்குன்னு ஆயிடும் மேடம்.”

“நடந்துதானே சார் இருக்கு?”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியக் கூடாது.”

இந்த வாக்கியத்தை எழுதி உங்கள் மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விழுமியங்களுக்கு மேலே ஆறாவதாக நம்மிடம் இருப்பது இதுதான், மற்ற ஐந்தையும் ஆட்டி வைப்பதும் இதுதான். சரி, அப்படியானால் கூடுள்ள மரங்களை வெட்டச் சொல்லி எனக்கு எழுத்தில் கொடுங்கள் என்றேன். ஆணைதான் இருக்கிறதே என்றார். வெள்ளிக்கிழமை விழுமிய வார நிறைவு விழாவுக்குத் தலைவர் அதே ஏரிக்கு வருகிறார், காரிலிருந்து இறங்கினால் தண்ணீர் பளிச்சென்று தெரிய வேண்டும், மரம் மறைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் அவருக்கு நெட்வொர்க் போய்விட்டது. இந்த மாதிரி நேரங்களில் நெட்வொர்க் போவதைப்போல் சரியாக நடக்கிற காரியம் நம் துறையில் வேறில்லை.

இதற்குள் ஊர் கூடிவிட்டது. மதகுக்குக் கீழே கழனி வைத்திருக்கும் கன்னியம்மா முன்னால் வந்து நின்றார். நடவு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கால்வரை சேறு. கான்ட்ராக்டரை அவர் திட்டவில்லை, என்னைத்தான் கேட்டார்.

“எங்க புள்ளைங்க தீபாவளிக்கு ஒரு ஊசிவெடி வெச்சதில்ல. வெடி கேட்டு அழுவும், அடிச்சி இட்டுக்கினு போவோம். நாங்க காப்பாத்திக்கினு இருந்தத காப்பாத்தறேன்னு வந்துட்டு நீங்க வெட்டறீங்களே, நல்லா கீதாம்மா இது?”

மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வது இதுதான். அவர்கள் பங்கேற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், நாம்தான் நடுவில் புகுந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு கான்ட்ராக்டர் ஆட்களோடு உத்திரமேரூர் ஓட்டலுக்குக் கிளம்பினார். பிரியாணி சாப்பிட்டுத் திரும்புகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு நிலைமை உங்களுக்கும் வரும். அப்போது நம் ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். புத்திசாலிகள் அன்றைக்கென்று மருத்துவ விடுப்பில் போவார்கள், மரம் விழுகிற நாளில் நம் துறையில் எத்தனை பேருக்கு முதுகுவலி வருகிறது என்று பார்த்தால் அதிசயமாக இருக்கும். வீரர்கள் மிஷினுக்கு முன்னால் போய் நிற்பார்கள். அரசாங்க வேலையைத் தடுத்ததாக அரசாங்கமே அவர்கள்மேல் புகார் கொடுக்கும், அவர்களை ஜீப்பில் ஏற்றிய பிறகு மரம் நிதானமாக விழும். விவரமானவர்கள் பத்திரிகைக்கோ கோர்ட்டுக்கோ போவார்கள். அது வேண்டியதுதான், ஆனால் அங்கிருந்து ஆள் வருவதற்குள் மரம் லாரியில் ஏறியிருக்கும். வெட்டின மரத்துக்கு மேல்முறையீடு கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது நியாயம்கூட இல்லை, கொஞ்சம் காலம். குஞ்சுகள் பறக்கும்வரை, மார்ச் மாதத்தோடு நிதியாண்டு முடிந்து ஒப்பந்தம் காலாவதியாகும்வரை. வெட்டு என்கிற தாளைத் தடுக்க அதைவிடப் பெரிய தாள் ஒன்று வேண்டும். யோசித்துக்கொண்டே கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தேன். உள்ளே தலைவர் அடுக்கடுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது.

ஏழுமலையைக் கூப்பிட்டு, தென்னங்கயிறு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் கொண்டுவரச் சொன்னேன். ஆணி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாத் தகட்டையும் அடிமரத்தில், கூட்டுக்குத் தொந்தரவில்லாத உயரத்தில் கட்ட வேண்டும். அவருக்கு முதலில் விளங்கவில்லை. கன்னியம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முதல் தகட்டைத் தலையில் வைத்துத் தண்ணீரில் இறங்கியவர் அவர்தான். பின்னாலேயே ஊரும் இறங்கியது. எந்த மரத்துக்கு எதைக் கட்டுவது என்று ஏழுமலை கேட்டார். நம் வாரியத்தில் இதுவரை யாரும் அதில் வரிசை பார்த்ததில்லை, உமக்கென்ன என்றேன். கரையை ஒட்டி நின்ற பெரிய மரத்துக்கு ‘நேர்மை’ போயிற்று. அதற்கடுத்த மரத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்த இடத்தில் ‘வெளிப்படைத்தன்மை’ கொஞ்சம் தலைகீழாக நின்றது. பொருத்தமாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

கான்ட்ராக்டர் திரும்பி வந்து பார்த்துவிட்டு வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார். மரத்துக்கு மரம் நம் தலைவர் சிரிக்கிறார். நான் சுற்றறிக்கையை எடுத்து நீட்டினேன், காலையில் அவர் என்னிடம் நீட்டிய அதே மரியாதையோடு. அவர் நேராக மேலதிகாரிக்கு வாட்ஸ்அப் அழைப்புப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். தகட்டைக் கழற்றிவிட்டு வெட்டச் சொல்லி அந்தப் பக்கத்திலிருந்து மேலதிகாரி கத்தினார். கான்ட்ராக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தார்.

“தலைவர் போர்டு சார். கழட்டச் சொல்லி எழுத்துல குட்த்துடுங்க, இப்பவே கழட்டிடறேன். நாளைக்கு எனக்கு பேஜார் ஆவக் கூடாது பாருங்க.”

அந்தப் பக்கம் நெட்வொர்க் போய்விட்டது. விழுமிய வாரத்தில் நேர்மையைக் கழற்று என்று கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? விழுந்த ஒரு மரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி போனது.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார். காரிலிருந்து இறங்கியவர் மரத்துக்கு மரம் தன் முகத்தைப் பார்த்ததும் பூரித்துப்போனார். எங்கள் மேலதிகாரிக்கு வியர்த்தது. மக்களே தங்கள் கையால் விழுமியங்களை மரத்தில் ஏந்தியிருக்கிறார்கள், இந்த ஏரியே முன்மாதிரி, தகடுகள் நிரந்தரமாக இங்கேயே இருக்கட்டும் என்று தலைவர் பேசினார். கல்வெட்டையும் மறக்காமல் சொன்னார். யோசனை யாருடையது என்று கேட்டபோது மேலதிகாரி ஒரு நொடிகூடத் தயங்காமல் எழுந்து கும்பிட்டார். நற்சான்றிதழும் வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் அந்தச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கும்வரை அந்தத் தகடுகளை அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வராது. வெட்டிய அடிமரம் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்துகொண்டு நின்றது. அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. குஞ்சுகள் பறந்தன. மார்ச் முடிந்து ஒப்பந்தமும் செத்தது. ஏழுமலை ஒருநாள் கரையில் நின்று வெறுமையாகிவிட்ட கூடுகளைப் பார்த்துக்கொண்டே, “விழும்னு போட்டுகீதேன்னு பயந்துக்கினே இருந்தேன் மேடம். மிச்ச மரம் விழல” என்றார். விழுமியத்துக்கு அந்த மனிதர் சொன்ன பொருள்தான் எனக்குச் சரியென்று படுகிறது.

ஓய்வு பெறுவதற்கு முன் அந்த ஏரியைப் பற்றி எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. மரம் வெட்டியதைப் பற்றியோ ஆணையின் பிழையைப் பற்றியோ அல்ல. விழுமியத் தகடுகள்மீது, குறிப்பாகத் தலைவரின் படத்தின்மீது, பறவை எச்சம் படிந்து கிடப்பதாகப் புகார் வந்துள்ளது, ஏன் தூய்மையாகப் பராமரிக்கவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பறவைகள் உயிரோடு இருப்பதே காரணம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும். பயிற்சி மையத்தில் இதை என்னால் சொல்ல முடிந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழுமலை இப்போதும் போன் செய்வார். தென்னங்கயிறு மக்கி, தகடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கின்றனவாம். தலைவரும் மாறிவிட்டார், பழைய முகத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அந்த ஆணையோ அப்படியே புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, எழுத்து மாறாமல். உங்களில் யாராவது ஒருவருக்கு உத்திரமேரூர்தான் முதல் வேலையிடமாக வரும். போனதும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘கருவேலம்’ என்று இருக்கும் இடத்துக்கு முன்னால் ‘சீமை’ என்று எழுதிக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். நாரைகள் மறுபடியும் கூடு கட்டத் தொடங்கிவிட்டனவாம்.